சேமலாப நிதியில் கட்டிய அறை

போன ஐப்பசியில், மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் சுப்பம்மா இறந்தாள். எஹலியகொடைக்கு மேலே இருக்கிற ரப்பர் தோட்டத்தின் கீழ்க்கணக்கு என்கிற பிரிவில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, கடைசியில் தோட்டத்துக்கு வெளியே, டவுன் ஓரத்து வாடகை அறையொன்றில் கண்ணை மூடினாள். தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்து ஆட்கள்தான் வான் பிடித்து வந்து தூக்கினார்கள். பெட்டி கொண்டுவந்த கடைக்காரர் மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார்:

"அம்மா வேலையில இருந்து நின்னு எவ்வளவு காலம்?"

பென்சன் எடுத்தது என்று பார்த்தால் பத்து வருடம் ஆகிறது. வேலைக்குப் போகாமல் நின்றது என்று பார்த்தால் அந்த வாரம்தான்.

தோட்டத்தில் ஓய்வு பெறுவதைப் பென்சன் எடுப்பது என்பார்கள். மாதா மாதம் எதுவும் வராது. சேமலாப நிதியும் சர்வீஸ் காசும் ஒரே தடவையாகக் கைக்கு வரும், அவ்வளவுதான். சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்து, தோட்டம் தன் பங்கைப் போட்டு, கொழும்பில் எங்கேயோ சேர்ந்துகொண்டே இருக்கிற காசு. சேர்வதும் வேலை செய்த நாளுக்கு மட்டும்தான். ரப்பரில் வேலை இல்லாத நாள் நிறைய. மரப்பட்டை நனைந்திருந்தால் கத்தி வைக்க முடியாது. கத்தி வைக்காத நாளுக்குப் பேர் விழாது. பேர் என்பது செக்ரோல் பதிவேட்டில் விழுகிற ஒரு நாள் சம்பளம். சப்ரகமுவையில் மழைக்குப் பஞ்சமில்லை என்பதால் சுப்பம்மாவின் நிதி அவள் வயதுக்கு ஏற்றபடி வளரவில்லை, மழைக்கு ஏற்றபடி வளர்ந்தது.

ஆனாலும் அது வரப்போகிறது என்கிற நினைப்பில்தான் அவள் கடைசி வருடங்களை ஓட்டினாள். புருஷன் முத்துவீரன், மகன் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே செத்துப் போய்விட்டான். மகன் கஜேந்திரன் கொழும்பில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் மூட்டை இறக்கினான். அவளுடைய முழங்கால் இரண்டும் சரிவில் இறங்கும்போது சத்தம் போட ஆரம்பித்திருந்தன. விடியுமுன் எழும்பி, ஈரத்தில் சறுக்கி, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறுகிற வேலையை ஒரு நாள் விட்டுவிட வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

அவளோடு பக்கத்து வரிசையில் வெட்டியவள் சோமாவதி. தோட்டத்துக்கு அடுத்த சிங்களக் கிராமத்துக்காரி. இரண்டு பேரும் குமரிகளாக ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சோமாவதி லயத்துத் தமிழை நன்றாகவே பேசுவாள். திட்டும்போது மட்டும் சிங்களத்துக்குப் போவாள். ஒரே சம்பளம், ஒரே மழை, ஏறக்குறைய ஒரே அளவு நிதி. இருவருக்கும் ஒரே வருடத்தில் காசு வந்தது.

"சுப்பம்மா, எங்க தம்பி ரோட்டுப் பக்கம் இருக்கிற காணித் துண்ட விக்கிறான்," என்றாள் சோமாவதி. "நான் கேட்டா ஒனக்குக் கொறைச்சுக் குடுப்பான். எடுத்துக்க கூட்டாளி. ரெண்டு ரூம் கட்டலாம், மொளகு கொடி ஏத்தலாம்."

சுப்பம்மா போய்ப் பார்த்தாள். நல்ல இடம்தான். பஸ் ரோட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம். கிணறும் பக்கத்தில் இருந்தது. ஆனால் சுற்றி ஒரு தமிழ் வீடு கிடையாது. கலவரம் நடந்த ஆடி மாதத்தில் அவளும் முத்துவீரனும் ரப்பர் காட்டுக்குள் மழையில் குந்தியிருந்து, விடிந்து வந்து பார்த்தபோது லயத்துக்குக் கூரை இல்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. சோமாவதியிடம் பேசியதே இல்லை. காணியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, "ராத்திரியில இங்க ரொம்ப இருட்டா இருக்கும் போல," என்று மட்டும் சொன்னாள்.

லயத்தில் விஷயம் தெரிந்ததும் வீராயிதான் முதலில் வந்தாள். அந்தக் கணக்கில் வாய்க்குப் பேர் போனவள்.

"என்னாடி, வெளிய காணி வாங்கிட்டு மஹாராணியாப் போறியாமே?"

"பாத்துட்டுத்தான் வந்தேன்."

"போ. போயி தனியாக் கெட. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா தப்பு அடிக்க யாரு வருவா? தூக்குறதுக்கு யாரு வருவா? பன்னிதான் வந்து மோந்து பாக்கும். மரண உதவிச் சங்கத்துக்கு இத்தன வருசம் கட்டுனியே, அத எங்களுக்குத் தானம் குடுத்துட்டியா?"

எல்லாரும் சிரித்தார்கள். சுப்பம்மாவும் சிரித்தாள். ஆனால் அந்த வார்த்தை அவளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. மரண உதவிச் சங்கம் லயத்து ஆட்களுக்கு உரியது. கணக்கை விட்டுப் போனவர்களுக்கு அதில் இடமில்லை. புருஷனுக்குக் குழி வெட்டியது, பந்தல் போட்டது, எட்டாம் நாள் சடங்குக்குச் சமைத்தது எல்லாம் அந்தச் சங்கம்தான். வாழ்வதற்கு இடம் பார்க்கும்போது செத்தால் என்ன ஆகும் என்று யோசிப்பவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கமாட்டார்கள். லயத்தில் எல்லாரும் அப்படித்தான் யோசிப்பார்கள்.

கஜேந்திரன் போனில் கத்தினான்.

"அம்மா, காணிக்குன்னா உறுதிப் பத்திரம் இருக்கு. அந்த லயத்துக் காம்பராவுக்கு உறுதி இருக்கா?"

"உறுதி என்னடா உறுதி. எங்கப்பா பொறந்ததே இந்தக் காம்பராவுலதான்."

"தாத்தா பொறந்தா தோட்டம் ஒங்க பேருக்கு எழுதிக் குடுத்துருமா?"

"எனக்குத் தெரியும்டா. நீ போன வை."

அவள் செய்தது லயத்தில் எல்லாரும் செய்ததுதான். குடும்பத்துக்கு ஒரு காம்பரா அறையாக நீளும் அந்த லயத்தில் நடந்து போனால், யாருடைய சேமலாப நிதி எந்தச் சுவர் என்று சொல்லிவிடலாம். முதல் காம்பராவின் முன்கட்டு பழைய கங்காணியின் நிதி. வீராயியின் புருஷனுடைய நிதி குளியலறையும் அதன் மேல் கறுப்புத் தண்ணீர்த் தாங்கியும். கோடியில் ஒருவருடைய நிதி பாதிச் சுவரோடு நின்றுபோய், அதில் சேம்பு முளைத்திருந்தது. சுப்பம்மா தன் காம்பராவுக்குப் பின்னால் ஒரு அறையும் ஒரு சமையல் குசினியும் இறக்க முடிவெடுத்தாள். மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஒரே காம்பராவில் புதுப் பெண்ணை எங்கே படுக்க வைப்பது என்கிற கேள்வியும் இருந்தது.

கண்டக்டர் மஹத்தயாவிடம் போய்க் கேட்டாள். தோட்டத்தில் கண்டக்டர் என்றால் பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவர் அல்ல, மலையில் வேலை பார்க்க வைக்கிற உத்தியோகத்தர்; மஹத்தயா என்பது ஐயா.

"கட்டுங்க, கட்டுங்க," என்றார் அவர். "ஆனா எடம் தோட்டத்தோடது. அது தெரியும்தானே?"

"தெரியுங்க மஹத்தயா."

தெரிந்துதான் கட்டினாள். டவுனில் ஜுனைதீன் முதலாளியின் ஹார்ட்வெயாரில் தகரமும் தரை டைலும் எடுத்தாள். அவள் டைல் அடுக்குப் பக்கம் போனதுமே அவர் எழுந்து வந்துவிட்டார்.

"என்னக்கா, பென்சன் வந்துட்டா?"

"எப்புடி முதலாளி கண்டுபுடிச்சீங்க?"

"தோட்டத்து ஆக்கள் சீமெந்து கேட்டா, மழை ஒழுகுதுண்டு அர்த்தம். டைல் கேட்டா பென்சன் வந்துட்டுண்டு அர்த்தம். இந்தப் பச்சப் பூ போட்டதப் பாருங்க, வழுக்காது. ஒங்கட மருமகள் கண்ணாடியே பாக்கத் தேவல்ல, இதுலயே பாக்கலாம்."

பச்சைப் பூ போட்டதையே எடுத்தாள். அறை எழும்பியது. கஜேந்திரனுக்குக் கல்யாணம் நடந்தது. மருமகள் சுமித்ரா நிவித்திகல பக்கத்துப் பெண், டவுன் கார்மென்ட்ஸில் தையல் மெஷினில் இருந்தாள். காலையில் கார்மென்ட்ஸ் பஸ் சந்திக்கு வரும், அவள் போய்விடுவாள். கஜேந்திரன் மாதத்துக்கு ஒரு தடவை வந்து போனான். சுப்பம்மா வீட்டில் இருந்தாள். பேத்தி பிறந்தது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்ள நேரம் கிடைத்தது. சர்வீஸ் காசில் மிச்சமிருந்ததை டவுன் வங்கியில் போட்டு வைத்திருந்தாள். அதை எடுக்காமல் இருந்தால் கடைசி காலம் ஓடிவிடும் என்பது அவள் எண்ணம்.

இந்த நிலை நீடிக்கவில்லை. தோட்டத்தைக் கம்பனி வேறொரு நிர்வாகத்திடம் கொடுத்தது. புது நிர்வாகத்துக்கு ஆள் போதவில்லை. இளம் பிள்ளைகள் எல்லாம் கொழும்புக்கும் கார்மென்ட்ஸுக்கும் போய்விட்டார்கள். ஓப்பநாயக்க பக்கத்திலிருந்து குடும்பங்களைக் கூட்டி வரவேண்டும் என்றால் காம்பரா வேண்டும். ஒரு நாள், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் கண்டக்டர் அறிவித்தார். வேலைக்கு ஆள் வராத காம்பராவைத் தோட்டம் திரும்ப எடுக்கும். கைக்காசு ஆளாக இருந்தாலும் போதும், வீட்டுக்கு ஒரு பேர் செக்ரோலில் இருக்க வேண்டும்.

காம்பரா போனால் பின்னால் கட்டிய அறையும் போகும். நிதி முழுவதும் அந்தச் சுவரில்தான் இருந்தது. சுப்பம்மா பழைய பால் கத்தியைத் தேடி எடுத்து, கல்லில் தீட்டி, மறுபடி மலைக்குப் போனாள். வேலையை விடுவதற்காகச் சேர்த்த காசு இப்போது அவளை வேலைக்கு அனுப்பியது. அவள் அதை அப்படிச் சொல்லவில்லை. "வீட்டுல சும்மா இருந்தா ஒடம்பு கனத்துப் போவுது," என்றுதான் கேட்டவர்களிடம் சொன்னாள்.

கைக்காசு வேலைக்குக் கொடுத்த பாலுக்குக் காசு. நிதி இல்லை, சர்வீஸ் இல்லை. வயதான மரங்களைத்தான் கைக்காசுக்காரர்களுக்குக் கொடுப்பார்கள். கீழே பட்டை தீர்ந்துவிட்ட மரங்கள். தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்து வெட்ட வேண்டும்.

"மரத்துக்கும் பென்சன் இல்ல, வெட்டுறவளுக்கும் பென்சன் இல்ல," என்றாள் வீராயி. "மரத்தையாவது ஒரு நாளைக்கு வெறகுக்கு வெட்டுவாங்க."

"ஒன்னைய வெட்டுனா வெறகுக்கும் ஆகாது, பொகதான் வரும்," என்றாள் சுப்பம்மா.

பிறகு அரிசியும் பருப்பும் மண்ணெண்ணெயும் ஒன்றாக விலை ஏறிய வருடம் வந்தது. கார்மென்ட்ஸில் பாதி நாள் வேலை இல்லை. கஜேந்திரனின் கடையில் மூட்டை இறங்கவில்லை. வங்கியில் இருந்த காசைச் சுப்பம்மா கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். வருடம் முடியும்போது அந்தக் கணக்கில் எதுவும் இல்லை. அது யாருடைய தப்பும் இல்லை, சாப்பிட்டுவிட்டார்கள்.

அதற்கு அடுத்த வருடம் கண் மங்கியது. முதலில் அவள் பனி என்று நினைத்தாள். வெயில் ஏறியும் பனி விலகவில்லை. பால் வெட்டுவது பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவுகிற வேலை. கத்தி ஆழமாகப் போய் மரத்தில் பட்டுவிட்டால் அந்த இடம் புண்ணாகிக் கட்டி தட்டிவிடும், பிறகு அங்கே பால் வராது. சுப்பம்மாவின் மரங்களில் புண் விழத் தொடங்கியது. கண்டக்டர் ஒவ்வொரு மரமாகத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்ன சுப்பம்மா இது? மரத்த வெட்டுறீங்களா, கறி வெட்டுறீங்களா?"

"கண்ணு கொஞ்சம் சரியில்லீங்க மஹத்தயா."

"அப்ப வேற ஆளப் போடுங்க. ஒங்க மருமக இருக்காதானே. நான் தொரைக்குப் பதில் சொல்லணும்."

அன்று சாயந்தரம் சுமித்ரா கார்மென்ட்ஸ் பஸ்ஸில் வந்து இறங்கி, கை கால் கழுவி, தேத்தண்ணி குடிக்கும்வரை சுப்பம்மா பொறுத்திருந்தாள்.

"நீ கொஞ்ச நாளைக்கு மலைக்கு வந்தா என்னா புள்ள?"

சுமித்ரா கோப்பையைக் கீழே வைத்தாள். "எவ்வளவு நாளைக்கு அத்தே?"

"பேர் இருந்தாப் போதும். காம்பரா நிக்கும்."

"நான் கார்மென்ட்ஸ விட்டா அங்க சேந்துக்கிட்டு இருக்கிற ஈ.பி.எஃப். நின்னுரும். மலையில கைக்காசுதான் குடுப்பாங்க. எனக்கு வயசானா நான் எங்க போறது?"

"நம்ம வீடு இருக்கே."

"நம்ம வீடுன்னு சொல்றீங்க. நம்ம வீடுன்னா எதுக்கு அத்தே நான் வேல செஞ்சு காப்பாத்தணும்?"

சுமித்ராவே மறுபடி சொன்னாள், இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது.

"ஒங்களக் கொறையாச் சொல்லல அத்தே. ஒங்க காசு அந்தச் சொவத்துல இருக்கு. என் காசையும் அதுலயே போடச் சொல்லாதீங்க."

சுப்பம்மா கோபப்படவில்லை. மருமகள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் பெரட்டுக்குப் போய், நடந்ததை வீராயியிடம் சொன்னாள்.

அந்தக் கணக்கில் ஒரு பழக்கம் உண்டு. ஒருத்திக்குக் காய்ச்சல், பிள்ளைப்பேறு, சாவு வீடு என்று வந்தால், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வரிசையாக அவள் மரங்களை வெட்டி, அவள் வாளியில் பாலை ஊற்றி, பேரைக் காப்பாற்றிக் கொடுப்பார்கள். ஒரு வாரம், மிஞ்சிப் போனால் இரண்டு வாரம். கண்டக்டர் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போய்விடுவார். சுப்பம்மாவுக்கு அந்தப் பெண்கள் மாதக் கணக்கில் செய்தார்கள். யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. வீராயி முதல் வரிசையில் கத்தியை வைத்தாள், மற்றவர்களும் வைத்தார்கள். கைக்கு வந்த காசைச் சுப்பம்மா அவர்களுக்கே பிரித்துக் கொடுத்தாள். காசை விட அவளுக்குப் பேர்தான் வேண்டியிருந்தது.

அந்த மாதங்களில்தான் அவள் உண்மையில் ஓய்வில் இருந்தாள். ஆனால் ஒளிந்துகொண்டு இருந்த ஓய்வு. தோட்டத்தை நடத்துகிற துரையின் ஜீப் மேல் வளைவில் திரும்புகிற சத்தம் கேட்டால் வீராயி லயத்தைப் பார்த்துக் கூவுவாள்:

"சுப்பூ! ஒங்க ஆடு அவுத்துக்கிட்டு வந்துருச்சுடீ!"

சுப்பம்மாவுக்கு ஆடு கிடையாது. சாக்குப் படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, வாளியோடு இறங்கி, ஒரு மரத்தடியில் போய் நிற்பாள். ஜீப் போன பிறகு வீடு திரும்புவாள். ஒரு முறை, பிரசவித்து இரண்டு வாரமே ஆன ஷாமிளா என்கிற இளம் பெண், பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்து சுப்பம்மாவின் வரிசையை வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். அன்று வீட்டுக்கு வந்து அவளால் சாப்பிட முடியவில்லை.

வைகாசியில் ஆறு பெருகி ரோடு மூடியது. ஜீப் வரமுடியாது என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். வேலைக்கு வந்து சில மாதங்களே ஆன இளம் துரை, குடையைப் பிடித்துக்கொண்டு கீழ்ப் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் நடந்தே வந்துவிட்டார். மழை விட்டிருந்த காலை. சுப்பம்மாவின் மரங்களுக்கு நடுவில் நின்று அவர் வெட்டுகளைப் பார்த்தார். எழுத்தைப் போலத்தான் வெட்டும், ஆளுக்கு ஆள் சரிவு மாறும், சீவலின் கனம் மாறும். ஒரு வரிசை ஒரு கை, அடுத்த வரிசை இன்னொரு கை.

"இது ஒரே ஆளின் மரங்களா?" என்று கண்டக்டரிடம் சிங்களத்தில் கேட்டார்.

கண்டக்டர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். ஆடு அவிழ்த்த செய்தி லயத்துக்குப் போய், சுப்பம்மா இறங்கி வருவதற்குள் பெண்கள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள்.

"பொய்ப் பேர் போட்டிருந்தால், போட்டவள் பேரையும் வெட்டியவர்கள் பேரையும் இந்த மாதத்துக்கு அழித்துவிடுங்கள்," என்றார் துரை. அவர் கத்தவில்லை.

"பொய்ப் பேரு இல்லீங்க தொரை," என்றாள் வீராயி. "அவதான் வெட்டுறா. வயசாச்சுல்ல, ஒரு நாள் மாதிரி ஒரு நாள் கை நிக்காது."

"அப்படியென்றால் எனக்கு முன்னால் ஒரு மரம் வெட்டட்டும்."

கண்டக்டர் கத்தியை நீட்டினார். சுப்பம்மா வாங்கிக்கொண்டாள். மரம் அவளுக்கு முன்னால் ஒரு சாம்பல் நிழலாக நின்றது. பழைய வெட்டு எங்கே முடிகிறது என்று விரலால் தடவிப் பார்த்தாள். பழக்கத்தில் வெட்டிவிடலாம், பிழைத்தாலும் பிழைக்கலாம். பிழைத்தால் காம்பரா நிற்கும். இவர்களும் அவள் மரங்களை வெட்டிக்கொண்டே இருப்பார்கள், இந்த மாதம், அடுத்த மாதம், அவள் சாகும்வரை. ஷாமிளா அடிவயிற்றில் சேலையை இறுக்கிச் சுற்றிக்கொண்டு வரிசையில் நிற்பது தெரிந்தது. முகம் தெரியவில்லை, நிற்கிற விதம் தெரிந்தது.

அவள் கத்தியைக் கண்டக்டரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்குக் கண்ணு தெரியலீங்க தொரை. நான் வெட்டல, இவங்கதான் வெட்டுனாங்க. நான் பேர விட்டுர்றேன். இவங்க பேர அழிக்காதீங்க."

"ஏ சுப்பு, வாய மூடு," என்றாள் வீராயி.

துரை அவளைப் பார்த்தார். "அம்மா, நீங்கள் பென்சன் எடுத்தாகிவிட்டதுதானே?"

"எப்பயோ எடுத்தாச்சுங்க."

"பிறகு ஏன் வேலைக்கு வருகிறீர்கள்?"

அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சுப்பம்மா லயம் இருந்த பக்கம் கையைக் காட்டினாள்.

"வீடு கட்டிட்டேங்க," என்றாள்.

துரை குடையை மடக்கினார். மற்றவர்களின் பேரை அவர் அழிக்கவில்லை. காம்பராவைப் பற்றிக் கேட்டபோது, அது கம்பனி உத்தரவு, தன் கையில் இல்லை, அடுத்த மாதக் கடைசி வரை நேரம் தரலாம் என்றார். அவ்வளவுதான் அவர் கையில் இருந்தது போல.

காம்பராவை விட்டுப் போகிறவர்கள் தாங்கள் போட்ட தகரத்தையும் கதவையும் கழற்றிக்கொள்ளலாம், சுவரில் கை வைக்கக்கூடாது என்பது தோட்டத்து வழக்கம். கஜேந்திரன் லீவு போட்டுவிட்டு வந்து கூரை ஏறினான். இறங்கி டைலைப் பெயர்த்துப் பார்த்தான், முதலாவது இரண்டாக உடைந்தது.

"உடுடா," என்றாள் சுப்பம்மா. "ஒட்டுனது ஒட்டுனதுதான். வர்றவங்க பொழங்கட்டும்."

"ஒங்க பென்சனும்மா இது."

"தெரியுது. எழும்பு."

அவன் எழும்பி, சுவரில் சாய்ந்து நின்றான். சுமித்ரா ஆணிகளைப் பொறுக்கி ஒரு பால்மா டின்னில் போட்டாள். அவள் 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லவில்லை.

டவுன் ஓரத்தில், கார்மென்ட்ஸுக்கு நடந்து போகிற தூரத்தில், அப்துல் ரஸாக் என்பவரின் வீட்டுப் பின்கட்டில் ஒரு அறை வாடகைக்குக் கிடைத்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பல மாதம் காத்திருந்து சுப்பம்மாவின் ஒரு கண்ணில் படலம் எடுத்தார்கள். கட்டு அவிழ்த்ததும் எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. பேத்தியின் பள்ளிக்கூடச் சட்டையில் கிழிசல் தைத்திருந்தது தெரிந்தது. மாதக் கடைசியில் சுமித்ரா வாடகையை எடுத்து வைத்த பிறகு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் தெரிந்தது. யாரும் அவளை வேலைக்குப் போ என்று சொல்லவில்லை. மூன்று பேர் சாப்பாட்டில் ஒரு ஆள் கூடுதல் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு காலையில் பஸ் ஏறிச் சோமாவதியின் வீட்டுக்குப் போனாள். சோமாவதி தன் நிதியில் காசு வராத பயிர் எதையும் வைக்கவில்லை. தகப்பன் காணியில் பழைய மரங்களைத் தறித்து, ரப்பர் கன்று வைத்து, வரப்போரம் மிளகு ஏற்றியிருந்தாள். கன்றுகள் மரமாகி வெட்டுக்கு வந்துவிட்டன. கிராமத்தில் வெட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் பாதி மரம் சும்மா நின்றது. அவளுக்கு இடுப்பு முடியாது.

தேத்தண்ணியும் கருப்பட்டித் துண்டும் வந்தது. முழங்கால், கண், பேத்தி எல்லாம் பேசி முடிந்த பிறகு சுப்பம்மா முற்றத்துக்கு அப்பால் பார்த்தாள்.

"ஒன் மரத்த நான் வெட்டுறேன். பாதிப் பால் ஒனக்கு, பாதி எனக்கு. மத்தவங்களுக்கு இப்புடித்தானே குடுக்குறாங்க."

சோமாவதிக்கு முகம் சிவந்தது. "ஒயாட்ட பிஸ்ஸுத? பைத்தியமா ஒனக்கு? நீ எங்கிட்ட கூலிக்கு வர்றதா?"

"கூலி இல்ல. பாதி."

"நாம ஒண்ணா வேலைக்குச் சேந்தவங்க."

"சேந்தவங்கதான்."

"ஒனக்குக் காசு வேணும்னா கேளு. நான் தர்றேன்."

"இந்த மாசம் தருவ. அடுத்த மாசமும் தருவ. அதுக்கு அடுத்த மாசம் நான் ரோட்டுல வந்தா நீ வீட்டுக்குள்ள போயிருவ." சுப்பம்மா சிரித்தாள். "மரம் வேணாம்னு சொல்லாதடி. எளம் மரம், கீழ் வெட்டு. அண்ணாந்து பாக்க வேண்டியதில்ல. எனக்கு இது லேசு."

சோமாவதி அன்று எடுக்கச் சொன்ன காணித் துண்டில் இப்போது யாரோ கட்டிய வீட்டின் ஓடு தென்னைகளுக்கு இடையில் தெரிந்தது. இரண்டு பேருமே அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"வெட்டும்போது புண் போட்டீன்னா தொலைச்சுப் போடுவேன்," என்றாள் சோமாவதி கடைசியில்.

"போட்டா ஏசு."

"சிங்களத்துலதான் ஏசுவேன்."

"தமிழ்ல ஏச ஒனக்கு எங்க வருது."

அன்று வானம் மூடியிருந்தது, பட்டை ஈரம். வெட்ட முடியாது. சோமாவதி உள்ளே போய் ஒரு வாளியையும், சிரட்டைகள் கோத்த கம்பியையும் எடுத்துவந்து, எந்த மரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று காட்டினாள். மேலே இருக்கிற வரிசை வெயில் முதலில் படுகிற இடம், அதை முதலில் முடித்துக்கொள்வது நல்லது. முதல் பஸ்ஸில் வந்தால் நேரத்துக்குத் தொடங்கலாம். மழை இல்லாவிட்டால் நாளைக்கே வா என்றாள்.